வரம்பற்ற ராஜா – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சுப் புரட்சி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். "தலை போனது பதினாறாம் லூயிக்கு, கடன் வைத்தது பதினான்காம் லூயி" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரி இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நான் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பாடக் குறிப்பில் பதினான்காம் லூயி என்றால் 'நானே அரசு' என்று சொன்னவர், வெர்சாய் அரண்மனையைக் கட்டியவர் என்று இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. எனக்குப் புரியாதது இதுதான். சுமார் இரண்டு கோடிப் பேர் வாழ்ந்த நாடு. ரயில் கிடையாது, தந்தி கிடையாது. கோட்டையும் ஆள்பலமும் வைத்திருந்த பிரபுக்கள் மாகாணத்துக்கு மாகாணம் இருந்தார்கள். அப்படிப்பட்ட நாட்டை ஒரே மனிதர் எப்படி அடக்கினார்? மற்றவர்கள் ஏன் அடங்கினார்கள்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் அப்பா காலையில் பேப்பரை மடித்து வைக்கும்போது தினமும் ஒன்று சொல்வார்: "இத்தனை பேர் கையில் அதிகாரம் இருந்தால் இப்படித்தான். கண்டிப்பான ஒரே ஆள் கையில் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்." அவரோடு சண்டை போட எனக்கு மனசில்லை. ஆனால் வரலாறு அவருக்கு என்ன பதில் சொல்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்,
கே., விருதுநகர்

*

அன்புள்ள கே.,

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன. உங்கள் அப்பா சொல்கிற அதே வாக்கியத்தை 1653 வாக்கில் பாரிஸில் எத்தனையோ அப்பாக்கள் சொல்லியிருப்பார்கள். அவர்கள் அப்படி நினைத்ததற்கு வலுவான காரணம் இருந்தது. அதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது புரியும்.

அதற்கு முன் அந்த 'நானே அரசு'. 1655 ஏப்ரலில், பதினாறு வயதில், பாரிஸ் பார்லமானில் லூயி அப்படி முழங்கியதாகக் கதை. பார்லமான் என்பதை நம் நாடாளுமன்றம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். அது நீதிமன்றம். ராஜாவின் ஆணைகள் அங்கே பதிவேட்டில் ஏறினால்தான் நடைமுறைக்கு வரும். அன்று அவர் நீதிபதிகளைக் கண்டித்தது உண்மை. அந்த வாக்கியம் மட்டும் அந்தக் காலத்துப் பதிவு எதிலும் இல்லை. அவர் பக்கத்தில் இருந்தவர்கள் எழுதிவைத்தது வேறொன்று. 1715-ல் மரணப் படுக்கையில் அவர் சொன்னது: "நான் போகிறேன். அரசு எப்போதும் இருக்கும்." தேர்வில் முதல் வாக்கியத்தைத்தான் கேட்பார்கள், எழுதிவிடுங்கள். லூயியைப் புரிந்துகொள்ள உதவுவது இரண்டாவது.

சரி, ஏன் அடங்கினார்கள்?

1562-லிருந்து 1598 வரை முப்பத்தாறு வருஷம் பிரான்ஸ் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று பிளந்து தன்னைத்தானே வெட்டிக்கொண்டது. 1572 ஆகஸ்ட் 24, புனித பார்த்தலோமியு நாளில் பாரிஸில் தொடங்கிய படுகொலை மற்ற ஊர்களுக்கும் பரவி ஆயிரக்கணக்கில் உயிர் குடித்தது. நேற்றுவரை பக்கத்து வீட்டில் இருந்தவர்களைத் தெருவில் இழுத்துப் போட்டு வெட்டி சேன் ஆற்றில் எறிந்தார்கள். ராஜாக்களும் தப்பவில்லை. மூன்றாம் ஹென்றி 1589-ல் கத்திக்குத்துப்பட்டுச் செத்தார். மதப்போரை முடித்துவைத்த நான்காம் ஹென்றியை 1610-ல், நெருக்கடியான தெருவில் வண்டி நின்ற நேரத்தில், ரவய்யாக் என்பவன் பாய்ந்து குத்திக் கொன்றான்.

அந்தப் படுகொலை நடந்து நாலே வருஷத்தில், 1576-ல், ழான் போதான் என்ற சட்ட அறிஞர் அரசைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். 'இறையாண்மை' என்று இன்று நாம் பாடத்தில் படிக்கும் கருத்துக்கு முழு உருவம் கொடுத்த நூல் அது. ஒரு நாட்டில் கடைசிச் சொல் ஒரே இடத்தில்தான் இருக்க முடியும், அதைப் பங்கு போட முடியாது என்பது அவர் வாதம். ரத்த வாடை போகாத நாட்டில் உட்கார்ந்து எழுதிய மனிதரின் ஏக்கம் அதில் இருக்கிறது. அதே போதான் இன்னொன்றும் சொன்னார்: குடிமக்களின் சொத்தை அவர்கள் சம்மதமில்லாமல் ராஜா எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் பாதியை எல்லா ராஜாக்களும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் பாதிக்கு என்ன ஆனது என்பதுதான் இந்தக் கதை.

லூயிக்கு இதெல்லாம் தாத்தா காலத்து விஷயமாக மட்டும் இருக்கவில்லை. 1643-ல் அப்பா இறந்தபோது அவருக்கு ஐந்து வயது முடியவில்லை. அம்மா, ராணி ஆன், மகனுக்காக ஆட்சி நடத்தினார். நிர்வாகம் இத்தாலியில் பிறந்த கார்டினல் மசாரின் கையில். ஸ்பெயினோடு 1635-லிருந்தே போர், அதற்காக வரிமேல் வரி. 1648-ல் பாரிஸ் நீதிபதிகள் முரண்டு பிடித்தார்கள். அவர்களில் ஒரு முதியவரைக் கைது செய்ததும் நகரமெங்கும் தடுப்பரண்கள் எழுந்தன. 1649 ஜனவரியில் ஒரு நள்ளிரவில் பத்து வயது ராஜாவை எழுப்பி, வண்டியில் ஏற்றி, சென்-ஜெர்மன் அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தில் அரச குடும்பம் எங்கே போகிறதோ அங்கே கட்டில் மேசையெல்லாம் கூடவே போகும். அன்று எதுவும் போகவில்லை. குளிர்காலத்தில் வெறும் மாளிகையில், அரசவைப் பெண்கள் வைக்கோல் பரப்பிப் படுத்தார்கள். அதே மாதக் கடைசியில் இங்கிலாந்தில் முதலாம் சார்ல்ஸின் தலையை வெட்டினார்கள். அவர் லூயியின் அத்தையைக் கட்டியவர்.

இந்தக் கலவரத்துக்கு ஃப்ரோந்த் என்று பெயர். பிரெஞ்சில் அதற்குக் கவண் என்று பொருள், பையன்கள் கல்லெறிகிற கவண்.

அதில் ஓர் இரவைச் சொல்ல வேண்டும். 1651 பிப்ரவரி 9. ராணி மறுபடியும் பையனைக் கூட்டிக்கொண்டு ஓடப் போகிறார் என்று பாரிஸில் வதந்தி. கூட்டம் அரண்மனையைச் சூழ்ந்துகொண்டு "ராஜாவைக் காட்டு" என்றது. வதந்தி உண்மைதான், பையன் கிளம்பத் தயாராக உடுத்தியிருந்ததாகச் சொல்கிறார்கள். ராணிக்கு வேறு வழியில்லை. மகனை அப்படியே கட்டிலில் படுக்கவைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கதவைத் திறக்கச் சொன்னார். பாரிஸ் ஜனங்கள் ஒருவர்பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். திரையை விலக்கிப் பார்த்தார்கள். தூங்குகிற பிள்ளையைப் பார்த்து மனமிளகி, ஆசீர்வதித்துவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு வயதுப் பையன், கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைச் சீராக விட்டபடி, அந்நியக் காலடிகளையும் குனிந்து பார்க்கிற மூச்சுக்காற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான். பிற்காலத்தில் இந்த மனிதர் பாரிஸை விட்டு விலகி ஒரு பழைய வேட்டை மாளிகையைப் பெருக்கிக் கட்டி அங்கே போய் உட்கார்ந்தார் என்றால், எனக்கு அந்த இரவுதான் ஞாபகம் வருகிறது.

அப்புறம் பிரபுக்களே படை திரட்டினார்கள். ஸ்பெயினை ரொக்ருவாவில் தோற்கடித்துப் புகழ்பெற்ற கோந்தே இளவரசர் ராஜாவின் படையோடு மோதினார். 1652 ஜூலையில் பாரிஸ் வாசலில் அவர் மாட்டிக்கொண்டபோது, ராஜாவின் சொந்தச் சித்தப்பா மகள் பஸ்தீல் கோட்டை மேலிருந்து அரசப் படையை நோக்கிப் பீரங்கியைச் சுடவைத்தார். கோந்தே பிறகு ஸ்பெயின் பக்கமே போய்ச் சேர்ந்தார். இதற்கிடையில் பாரிஸைச் சுற்றியிருந்த கிராமங்களில் எந்தப் படை எந்தப் பக்கம் என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. யார் வந்தாலும் தானியத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். பஞ்சமும் கொள்ளைநோயும் பின்னாலேயே வந்தன. 1653 பிப்ரவரியில் மசாரின் பாரிஸுக்குத் திரும்பியபோது, வருஷக்கணக்காக அவரைத் தூற்றிய அதே நகரம் ஆரவாரத்தோடு வரவேற்றது.

உங்கள் அப்பாவின் வாக்கியம் இங்கேதான் பிறக்கிறது. அந்த வரவேற்பை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். பத்து எஜமானர்கள் மாறி மாறிக் கொள்ளையடித்த கிராமத்தில் ஒரே எஜமான் போதும் என்று தோன்றுவது இயல்பு.

பிரான்ஸில் மட்டும் நடந்ததும் இல்லை இது. டென்மார்க்கைப் பாருங்கள். ஸ்வீடனோடு நடந்த போரில் நாடு கந்தலாகி, கோபன்ஹேகன் நகரமே முற்றுகையில் கிடந்து மீண்டது. 1660-ல் சபை கூடியபோது, வரி கட்டாமல் சலுகையில் வாழ்ந்த பிரபுக்கள் மேல் இருந்த கோபத்தில் பாதிரிமாரும் நகரத்து வணிகர்களும் சேர்ந்து, பரம்பரை அரசுரிமையை மூன்றாம் ஃபிரெடெரிக் கையில் தாங்களே கொடுத்தார்கள். பிரபுக்கள் தப்பிப் போகாமல் இருக்க நகரக் கதவுகள் அடைக்கப்பட்டன. ரத்தம் சிந்தாமல் வேலை முடிந்தது. 1665-ல் 'அரச சட்டம்' என்று ஒன்று எழுதினார்கள். ராஜாவுக்கு மேலே கடவுள் ஒருவரே, வேறு யாரும் இல்லை என்று எழுத்திலேயே வைத்துக்கொண்ட அரசியல் சட்டம் அது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த மதபோதகர் சீகன்பால்குவை அனுப்பிய நான்காம் ஃபிரெடெரிக் அந்தச் சட்டத்தின் கீழ் ஆண்டவர்தான். அந்த வரம்பற்ற முடியாட்சி 1848 வரை நின்றது.

ஆக, தொடக்கத்தில் இருந்தது பயம், களைப்பு. ஆனால் களைப்பு பத்து வருஷத்தில் தீர்ந்துவிடும். லூயி தானே ஆண்டது 1661-லிருந்து 1715 வரை ஐம்பத்துநாலு வருஷம். அத்தனை காலம் பிரபுக்கள் ஏன் எழவில்லை? இங்கேதான் பாடக் குறிப்புகள் வழி தவறுகின்றன. 'அடக்கினார்' என்று எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, அவர் அவர்களோடு பேரம் பேசினார். மிகக் கவனமாக, ஒவ்வொருவருக்கும் அவரவருக்கு வேண்டியதைக் கொடுத்து.

அடக்கிய கதையும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. பெரும்பாலும் அது லூயியின் அப்பா காலத்தில் அவருடைய தலைமை அமைச்சர் ரிஷ்லியூ செய்தது. எல்லையில் இல்லாத உள்நாட்டுக் கோட்டைகளை 1626-ல் இடிக்கச் சொன்னார். தடையை மீறி வாள்சண்டை போட்ட ஒரு பெரிய வீட்டுப் பிரபுவை 1627-ல் தலை வெட்டினார். புராட்டஸ்டன்ட்டுகளின் துறைமுகக் கோட்டை லா ரொஷேலை 1627-28-ல் ஓராண்டுக்கு மேல் முற்றுகையிட்டுப் பட்டினி போட்டுப் பணியவைத்தார். ஏறக்குறைய 27,000 பேர் இருந்த ஊரில் கடைசியில் மிஞ்சியது 5,000 பேர்.

ஆனால் பெரிய வேலையைச் செய்தது பணம். பதவி விற்பனை என்று ஒன்று இருந்தது. நீதிபதி வேலை, கருவூல வேலை, உப்புக் கிடங்கு அதிகாரி வேலை எல்லாம் விலைக்குக் கிடைக்கும். 1604-லிருந்து, பதவியின் மதிப்பில் அறுபதில் ஒரு பங்கை வருஷாவருஷம் கட்டினால் அதைப் பிள்ளைக்கு எழுதிவைக்கலாம். நிலம் வாங்குகிற மாதிரிதான். போருக்கு உடனே பணம் வேண்டும் என்றால் ராஜா புதிதாகப் பதவிகளை உண்டாக்கி விற்பார். 1665-ல் லூயியின் நிதியமைச்சர் கொல்பேர் கணக்கெடுத்தபோது இப்படி ஏறக்குறைய 46,000 பதவிகள் இருந்தன. வாங்கியவர் குடும்பத்தின் சொத்தெல்லாம் சிம்மாசனத்தோடு முடிச்சுப் போடப்பட்டுவிட்டது. ராஜா விழுந்தால் தன் முதலும் போய்விடும். அப்படிப்பட்ட குடும்பம் இனி ராஜா பக்கம்தான் நிற்கும்.

ஒரு சிக்கல். காசு கொடுத்து வாங்கியவரை ராஜா நினைத்தபோது நீக்க முடியாது. அதனால் இன்டெண்டண்ட் என்று வேறு ஒரு வகை அதிகாரிகளை மாகாணங்களுக்கு அனுப்பினார்கள். இவர்கள் நியமன ஆட்கள், எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைக்கலாம். வரி, சட்டம் ஒழுங்கு, படைக்கான ஏற்பாடு எல்லாம் இவர்கள் மேற்பார்வை. நம் மாவட்ட ஆட்சியரை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். ஆனால் முப்பது பேருக்குச் சற்று ஏறக்குறைய இருந்த இவர்களை வைத்து ஒரு நாட்டை மிரட்ட முடியாது. உள்ளூர்ப் பெரிய மனிதர்களோடு ஒத்துப்போனால்தான் வேலை நடக்கும். ஒத்துப்போனார்கள். லாங்டாக் போன்ற மாகாணங்களில் வசூலான வரியில் கணிசமான பங்கு சம்பளமாக, வட்டியாக, அன்பளிப்பாக உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் கைக்கே திரும்பிப் போனது.

அப்புறம் வெர்சாய். 1682 மே மாதம் அரசவை முழுவதும் அங்கே குடியேறியது. நான் ஒரு முறை போயிருக்கிறேன். 357 கண்ணாடிகள் பதித்த அந்த 73 மீட்டர் கூடத்தில்தான் எல்லோரும் நின்று படம் எடுக்கிறார்கள். என்னை நிறுத்தியது ராஜாவின் படுக்கை அறை. மாளிகையின் நட்ட நடுவில், சூரியன் உதிக்கும் கிழக்கைப் பார்த்த அறை. கட்டிலுக்கு முன்னால் கோயில் கருவறைக்கு முன் இருப்பதுபோல ஒரு தங்கமுலாம் கைப்பிடிச் சுவர். அதற்கு இந்தப் பக்கம் நின்றுதான் பிரபுக்கள் காலையில் ராஜா எழுவதையும் இரவில் படுப்பதையும் பார்த்தார்கள்.

இரவில் ஒரு சடங்கு உண்டு. ராஜா உடை மாற்றும்போது வெளிச்சம் காட்ட ஒருவர் மெழுகுவர்த்தித் தண்டைப் பிடிக்க வேண்டும். அறையில் எத்தனையோ விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அந்த வெளிச்சம் யாருக்கும் தேவையில்லை. ராஜா கூடியிருப்பவர்களை ஒரு சுற்றுப் பார்த்து ஒரு பெயரைச் சொல்வார். பெயர் சொல்லப்பட்டவர் கையுறையைக் கழற்றிவிட்டு முன்னால் போய்த் தண்டை வாங்கிக்கொள்வார். ராஜா படுக்கிறவரை சில நிமிஷம் பிடித்துக்கொண்டு நிற்பார். அவ்வளவுதான். அன்று இரவு அரண்மனை முழுக்க அதுதான் பேச்சு. இதை எழுதிவைத்த சென்-சிமோன் பிரபுவே, தன் பெயர் அழைக்கப்பட்ட இரவை எத்தனை வருஷம் கழித்தும் மறக்கவில்லை. இவர்களின் தாத்தாக்கள் படை திரட்டி ராஜாவை மிரட்டியவர்கள்.

அது வெறும் கௌரவ ஆசை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஓய்வூதியம், படைத் தளபதி வேலை, மகளுக்குச் சீதனம், தம்பிக்கு ஆயர் பதவி எல்லாமே ராஜாவின் கண்ணில் படுவதைப் பொறுத்திருந்தன. அரசவைக்கு வராத ஒருவருக்காக யாராவது பரிந்து பேசினால் ராஜா சொல்வார்: "அவரை நான் பார்த்ததே இல்லையே." விஷயம் அத்தோடு முடிந்தது. கோந்தே இளவரசரையும் பாருங்கள். மன்னிக்கப்பட்டுத் திரும்பி வந்த அவர், 1668-ல் அதே ராஜாவுக்காக ஃப்ராஞ்ச்-கோம்தே மாகாணத்தைப் பிடித்துக் கொடுத்தார்.

இந்தப் பேரத்தில் ராஜா கொடுத்த எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று உண்டு. அதுதான் உங்கள் கேள்விக்கு என் பதிலின் மையம். பிரபுக்களிடம் அவர் வரி கேட்கவில்லை. 'டாய்' என்ற நேரடி வரியிலிருந்து பிரபுக்களுக்கும் பாதிரிமாருக்கும் விலக்கு. பெரிய பதவி வாங்கியவர்களுக்கும் விலக்கு. ஒவ்வொரு முறை ராஜா ஒரு பதவியை விற்கும்போதும் வரி கட்டுகிற பட்டியலில் ஒரு வசதியான பெயர் அழிந்தது. அந்தத் தொகை ஊரில் மிச்சமிருந்தவர்கள் தலையில் ஏறியது. மிச்சமிருந்தவர் யார்? உழவர்.

உழவர் உப்பு வரியும் கட்டினார். 'கபெல்' என்று பெயர். அரசுக் கிடங்கில்தான் உப்பு வாங்க வேண்டும். பாரிஸைச் சுற்றிய பெரும் பகுதியில், தேவையோ இல்லையோ, வீட்டிலுள்ள தலையை எண்ணி இவ்வளவு உப்பு வாங்கியே தீர வேண்டும் என்று கட்டாயம். பக்கத்துப் பிரித்தானி மாகாணத்தில் இந்த வரி கிடையாது, அங்கே உப்பு கொள்ளை மலிவு. எல்லை தாண்டி ஒரு மூட்டை கொண்டுவந்து மாட்டிக்கொண்டவர்களைக் கப்பலில் துடுப்பு வலிக்க அனுப்பினார்கள்.

எல்லாம் எதற்கு? படைக்கு. 1690-களில் லூயியின் படை, காகிதக் கணக்கில், ஏறத்தாழ 4 லட்சம். ஐரோப்பா அதுவரை பார்க்காத அளவு. 1667-லிருந்து 1714 வரை நாலு பெரிய போர்கள். 1693-94-ல் விளைச்சல் பொய்த்தபோது பிரான்ஸில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பசியிலும் நோயிலும் இறந்தார்கள். போர் அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது.

'வரம்பற்ற' என்ற சொல் எவ்வளவு ஏமாற்றும் பாருங்கள். போர் தொடுப்பதற்கு அவருக்கு வரம்பு இல்லை. பணக்காரர் பையில் கை வைப்பதற்கு வரம்பு இருந்தது. 1664-ல் கொல்பேர் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினாரே, அதுவே சாட்சி. ராஜாவே பெரும் பங்கு போட்டார், பிரபுக்களையும் அதிகாரிகளையும் வணிகர்களையும் போடச் சொல்லி நெருக்கினார்கள். நினைத்த 1.5 கோடி லிவர் (அந்தக் காலத்துப் பிரெஞ்சு நாணயம்) மூலதனம் கடைசிவரை முழுதாகச் சேரவில்லை. அந்தக் கம்பெனிதான் 1674-ல் புதுச்சேரியில் கால் ஊன்றியது.

ஒரே ஆள் கையில் கொடுப்பதில் இருக்கிற இன்னோர் ஆபத்து 1685-ல் வெளிப்பட்டது. புராட்டஸ்டன்ட்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்து நான்காம் ஹென்றி 1598-ல் கொடுத்திருந்த நாந்த் ஆணையை லூயி ரத்து செய்தார். அதற்கு முன்பே வீடு வீடாகச் சிப்பாய்களைக் குடிவைத்து, மதம் மாறும்வரை தின்று தீர்க்கச் சொல்லியிருந்தார்கள். ரத்துக்குப் பிறகு அவர்களுடைய தேவாலயங்களை இடித்தார்கள். தப்பி ஓடப் பார்த்த ஆண்கள் பிடிபட்டால் துடுப்புக் கப்பல். அப்படியும் சுமார் 2 லட்சம் பேர் ஹாலந்து, இங்கிலாந்து, பிராண்டன்பர்க் என்று போய்ச் சேர்ந்தார்கள். நெசவாளர், கடிகாரம் செய்பவர், படை அதிகாரி, வணிகர். இந்தக் குடும்பங்கள் ராஜாவுக்கு எந்தத் துரோகமும் செய்யவில்லை. ஃப்ரோந்த் கலவரத்தின்போது விசுவாசமாக இருந்தவர்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துப் போகிறது. நாட்டுக்குள் ஒருவருக்கும் "இது தப்பு, நிறுத்துங்கள்" என்று சொல்ல உரிமையுள்ள நாற்காலி இல்லை. பார்லமானுக்கு முன்னெல்லாம் ஆணையைப் பதியுமுன் ஆட்சேபம் எழுப்பும் உரிமை இருந்தது. 1673-லேயே அதை மாற்றி, முதலில் பதிவு செய், பிறகு ஆட்சேபம் சொல் என்று ஆக்கியிருந்தார்கள்.

உங்கள் அப்பாவிடம் நான் பேசுவதாக இருந்தால், அவருடைய எரிச்சலை மறுக்க மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்பேன். அந்தக் கண்டிப்பான ஆள் வந்ததும் முதலில் யாரோடு உட்கார்ந்து பேசுவார்? லூயி உட்கார்ந்து பேசியது, தனக்குத் தொல்லை கொடுக்கும் சக்தி உள்ளவர்களோடு. சலுகை, பதவி, மெழுகுவர்த்தி எல்லாம் அவர்களுக்குப் போயின. அந்த மேசைப் பக்கமே வர முடியாதவர்கள் வீட்டுக்குப் பில் போனது. 1653-ல் மசாரினை வரவேற்றுக் கூவிய ஜனங்கள் கேட்டது அமைதி. உள்நாட்டுச் சண்டை நின்றது, அதை லூயி கொடுத்தார், பொய் சொல்லக் கூடாது. அதற்கு இவ்வளவு விலை என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. விலை தெரிந்தபோது, பேச்சை நிறுத்தவோ பேரத்தை மாற்றவோ அவர்களிடம் சபை ஏதும் இல்லை. பாதிரிமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்று மூன்று வகுப்பினரும் கூடும் ஸ்டேட்ஸ் ஜெனரல் கடைசியாகக் கூடியது 1614-ல்.

சொன்ன ஒருவர் இருந்தார். கோட்டை கட்டுவதில் ஐரோப்பாவிலேயே பெயர் பெற்ற வொபான். ராஜாவுக்காக நாற்பது வருஷத்துக்கு மேல் நாடெல்லாம் சுற்றியவர், மார்ஷல் பட்டம் பெற்றவர், ராஜா மேல் உண்மையான பற்றுள்ளவர். புராட்டஸ்டன்ட்டுகளைத் திரும்ப அழையுங்கள் என்று 1689-ல் எழுதிக் கொடுத்தார். பலனில்லை. 1696-ல் தன் சொந்த வட்டாரமான வெஸலேயின் ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். பார்லியும் ஓட்ஸும் கலந்த ரொட்டி, தவிடுகூட நீக்காதது. இறைச்சி வருஷத்துக்கு மூன்று தடவைகூட இல்லை. உப்பு கொஞ்சமாகத்தான் போட்டுக்கொள்கிறார்கள் என்றும் குறித்து வைத்தார். கோட்டை கட்டுகிற மனிதர் அடுப்படியை எட்டிப் பார்த்து உப்பைக் கவனித்திருக்கிறார். எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.

1707-ல், எழுபது வயதைத் தாண்டி, தன் திட்டத்தை அச்சிட்டார். மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் பிச்சை எடுக்கும் நிலையில் இருக்கிறார் என்று எழுதினார். அவர் சொன்ன தீர்வு எளிது: பிரபு, பாதிரி, உழவர் என்று பார்க்காமல் எல்லோரும் வருமானத்தில் ஒரு பங்கு கட்ட வேண்டும். அனுமதி இல்லாமல் அச்சிட்ட நூல் என்று ராஜாவின் ஆலோசனை சபை அதைத் தடை செய்து பிரதிகளைக் கைப்பற்றச் சொன்னது. அதே வருஷம் மார்ச் 30-ல் வொபான் இறந்தார்.

அவர் சொன்ன மாதிரி வரியை, அவர் நூலுக்கு முன்னும் பின்னும், அரைகுறையாக முயன்றும் பார்த்தார்கள். 1695-ல் தலைவரி, 1710-ல் பத்தில் ஒரு பங்கு வரி, இரண்டும் பிரபுக்களுக்கும் சேர்த்து. செல்வாக்குள்ளவர்கள் மெல்ல நழுவிக்கொண்டார்கள். 1709 குளிர்காலத்தில் நிலத்தில் விதைத்த கோதுமை உறைந்து செத்தபோது ராஜா தன் தங்கத் தட்டுகளை உருக்கக் கொடுத்தார். அதில் போரின் சில நாள் செலவாவது தேறியிருக்குமா தெரியாது.

1715 ஆகஸ்ட் கடைசியில் கால் அழுகிப் படுத்திருந்த லூயி, ஐந்து வயதுக் கொள்ளுப்பேரனைக் கட்டிலருகே அழைத்தார். நான் போரை அளவுக்கு மீறி நேசித்தேன், அதில் என்னைப் போல் இருக்காதே, மக்களின் சுமையைக் குறைக்கப் பார் என்றார். அடுத்த ராஜாவான அந்தக் குழந்தைக்கு என்ன புரிந்திருக்கும்! செப்டம்பர் 1-ல் இறந்தார். சவ ஊர்வலம் ராஜாக்களைப் புதைக்கும் சென்-தெனிக்குப் போகும் வழியில் ஜனங்கள் குடித்துப் பாடி ஏசினார்கள்.

போர்களுக்காக அவர் வைத்துவிட்டுப் போன கடனும், அவருக்குப் பின் வந்தவர்கள் அதன்மேல் வாங்கிய கடனும் தாங்காமல்தான் 175 வருஷத்துக்குப் பிறகு, 1789 மே மாதம், ஸ்டேட்ஸ் ஜெனரலை மறுபடி கூட்டினார்கள். எல்லா ஊர்களிலிருந்தும் குறைகளை எழுதி அனுப்பச் சொன்னார்கள். ஊர் ஊராக உப்பு வரியைப் பற்றி எழுதியிருந்தார்கள். 1790-ல் அதை ஒழித்தார்கள். பதினாறு வருஷம் கழித்து, மறுபடியும் ஒரே ஆள் கையில் எல்லா அதிகாரமும் போயிருந்த நேரத்தில், போர்ச் செலவுக்காக நெப்போலியன் உப்பு வரியைத் திரும்பக் கொண்டுவந்தார்.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.